மறதி நோயைத் தள்ளிப்போட: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

என் அப்பா ஒன்பது வருடம் அல்சைமரோடு இருந்தார். அவர் போன பிறகு, வீட்டுப் பெரியவர்களுக்கு மறதி என்று சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் வந்து கேட்கத் தொடங்கினார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் பல குடும்பங்களோடு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வல்லாரைப் பொடி வாங்கியாகிவிடும், குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கியாகிவிடும், பிரஷர் மாத்திரை மட்டும் தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். அதனால்தான் இங்கே வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

எவ்வளவு தடுக்க முடியும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது: படிப்புக் குறைவு, காது மந்தம், பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பு இல்லாமை, சுகர், புகை, பிரஷர், உடல் பருமன், மது, தனிமை, காற்று மாசு. இவை எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் வரும் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. மீதி பெரும்பாலும் வயதும் மரபும். ஆக, யாருக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் 72 வயதில் வர இருந்தது 78-இல் வந்தால், அந்த ஆறு வருடத்தில் பேத்தி கல்யாணத்தை நினைவோடு பார்க்கலாம்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு 80 பக்க நோட்டு. கையின் மேல்பகுதியில் சுற்றும் பிரஷர் மெஷின் ஒன்று. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கையை வைக்கும் இடம் சற்று மாறினாலும் அதன் கணக்கு மாறிவிடும். பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம். அப்புறம், வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரைகளும் ஒரே பையில்.

அந்தப் பையை அலட்சியம் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் மஞ்சள் பையைத் தலைகீழாகச் செய்தித்தாள் மேல் கொட்டினோம். ஒரே பிரஷர் மருந்து இரண்டு வேறு பெயர்களில் இருந்தது. இரண்டையும் அப்பா விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மருத்துவர்கள் எழுதியது, ஒருவருக்கு மற்றவர் எழுதியது தெரியாது. எழுந்து நின்றால் தலைசுற்றல் வந்ததற்கு வயசுதான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கூடவே ஒரு துணை ஆள் வேண்டும். மறதி உள்ளவர் தன் மறதியைச் சரியாகச் சொல்ல மாட்டார். மருத்துவர் கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, நோயே அப்படி.

2. எந்த நோய், எதனால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மறதி நோய், அதாவது டிமென்ஷியா, என்பது ஒரு குடைப் பெயர். அதற்குள் பல நோய்கள் உண்டு, காரணமும் ஒன்றல்ல.

அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் மூளை அணுக்களுக்கு வெளியே படிகிறது. டௌ என்ற இன்னொரு புரதம் அணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொள்கிறது. அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே இது தொடங்கிவிடுகிறது. 70 வயதில் தெரியும் மறதிக்கு 50 வயதிலேயே விதை விழுந்திருக்கும். அதனால்தான் தடுப்பு வேலை பிள்ளைகளின் வயதில் ஆரம்பிக்கிறது.

ரத்தக்குழாய் சார்ந்த மறதி நோயில், மூளையின் சின்னச் சின்னக் குழாய்கள் அடைபட்டு அங்கங்கே ரத்தம் போகாமல் திட்டுத் திட்டாகச் சேதம் ஆகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு வருவதும் இதில் சேரும். பிரஷர், சுகர், புகை மூன்றும் இங்கே நேரடிக் குற்றவாளிகள். நம் ஊரில் பலருக்கு அல்சைமரும் இதுவும் கலந்தே இருக்கிறது.

பார்கின்சனில் மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் சாகின்றன. நடுக்கம், விறைப்பு, மந்தமான நடை முதலில் தெரியும், மறதி பலருக்கு அப்புறம் வரும். பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளோடும் சில பூச்சிமருந்துகளோடும் இதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. வயலில் மருந்தடிப்பவர் கையுறை, முகக்கவசம், முழுக்கை இல்லாமல் இறங்கக் கூடாது. அடித்த உடுப்போடு வீட்டுக்குள் வரவும் கூடாது.

பரம்பரை பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. 40, 50 வயதிலேயே அல்சைமர் வரும் குடும்பங்களில் ஒரே மரபணு மாற்றம் தலைமுறைதோறும் இறங்கிவரலாம். ஆனால் அப்படிப்பட்ட குடும்பங்கள் மிகக் குறைவு. முதுமையில் வருவதில் மரபணு வாய்ப்பைக் கூட்டுகிறதே தவிர, விதியை எழுதுவதில்லை.

3. சரிசெய்யக்கூடிய மறதியை முதலில் தேடுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். மறதி என்றதும் நேராக எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். பல ஆயிரம் செலவாகும், "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று ஒரு வரி வரும், அதோடு பயந்து உட்கார்ந்துவிடுவார்கள். சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியது விட்டுப்போயிருக்கும்.

பொது மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: வைட்டமின் பி12, தைராய்டு, ரத்த அணு எண்ணிக்கை, சுகர், சோடியம், சிறுநீரகம், கல்லீரல்.

பி12 குறைந்தால் மறதி, கால் மரத்துப்போதல், சோர்வு எல்லாம் வரும். சுத்த சைவக்காரர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கும் சுகர்காரர்கள், தினமும் அசிடிட்டி மாத்திரை போடுபவர்கள் இந்த மூன்று பேரும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊசியோ மாத்திரையோ போட்டால் ஏறிவிடும். காலம் கடந்தால் நரம்பில் ஆன சேதம் முழுவதும் திரும்பாது.

சோடியம் குறைவது பெரியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். மகள் உப்பையும் சுத்தமாக நிறுத்தியிருப்பாள். ஒரு வாரத்தில் பாட்டி நாள் கிழமை தெரியாமல் பேசத் தொடங்குவார். நோய் வந்துவிட்டது என்று வீடே அழும். சோடியத்தைச் சரிசெய்ததும் பாட்டி பழையபடி பேசுவார்.

அப்புறம் மாத்திரைப் பை. எனக்குத் தெரிந்த ஒரு அத்தை, தும்மலுக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக, சீட்டு இல்லாமல், தெருமுனைக் கடையில் வாங்கி. தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான சில மருந்துகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் இவையெல்லாம் முதியவர்களின் ஞாபகத்தை மங்கவைக்கக்கூடியவை. மருத்துவர் மெதுவாக மாற்றிக்கொடுத்த இரண்டு மாதத்தில் அத்தை மறுபடி கோலத்துக்குப் புள்ளி எண்ணத் தொடங்கினார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மனச்சோர்வும் மறதி வேடத்தில் வரும். துணையை இழந்த ஆறு மாதத்துக்குள் வரும் மறதியை அந்தக் கண்ணோடும் பாருங்கள். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு சில வாரம் கழித்துக் குழப்பம் வந்தால், மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கசிந்திருக்கலாம். இங்கே ஸ்கேன் உடனே வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று குழம்பினால் அது வேறு: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம், சுகர் இறக்கம், பக்கவாதம். அன்றே ஆஸ்பத்திரி.

4. பிரஷர்: அளப்பதைச் சரியாக அளங்கள்

தடுப்பில் நமக்கு மிக எளிதாகக் கைக்கு எட்டுவது இது. 40 வயதிலிருந்தே மேல் எண்ணை 130 அல்லது அதற்குள் வைக்கச் சொல்கிறது லான்செட் குழு. அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140-ஐ இலக்காகக் கொண்டவர்களைவிட, மறதி நோய்க்கு முந்தைய கட்டமான லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைந்தது. அந்த அளவுக்கு இறக்குவது எல்லோருக்கும் பொருந்தாது. இலக்கை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அளக்கும் முறை இது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். அரை மணி முன்பிலிருந்து காபி, டீ, புகை வேண்டாம். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். காலை மாத்திரைக்கு முன் ஒருமுறை, மாலை ஒருமுறை. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். அது 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.

ஏழு நாள் எதற்கு? ஆஸ்பத்திரியில் சிலருக்குப் பதற்றத்தில் ஏறும், சிலருக்கு அங்கே மட்டும் நன்றாக இருக்கும். ஒரே எண்ணை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறவிடுவது நின்றுகொண்டு அளப்பது. பெரியவரை எழுப்பி நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் சொல்லுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால் நாம் காப்பாற்ற நினைத்ததே போய்விடும்.

"நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. மாத்திரை போடுவதால்தான் அது நார்மல். வாங்கப் போக ஆள் இல்லை என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

5. சுகரும் கொழுப்பும்

மூன்று மாதச் சராசரி சுகரைப் பாருங்கள். பொதுவாக 7 சதவீதத்துக்குள் என்பார்கள். 75 தாண்டியவர்களுக்கு மருத்துவர்கள் சற்றுத் தளர்த்துவார்கள், அதற்குக் காரணம் உண்டு. அடிக்கடி சுகர் இறங்கிப்போவதும் மூளைக்குக் கேடு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறக்கும் பெரியவருக்குக் கண்டிப்பான கட்டுப்பாடு ஆபத்தாகிவிடும்.

கெட்ட கொழுப்பு 2024 பட்டியலில்தான் புதிதாகச் சேர்ந்தது. நடு வயதில் அதைக் குறைப்பதுதான் பலன். மருத்துவர் மாத்திரை எழுதினால், எங்கோ கேட்டதை வைத்து நிறுத்த வேண்டாம்.

6. காது, கண்: எல்லோரும் விட்டுவிடும் படி

லான்செட் பட்டியலில் கெட்ட கொழுப்புக்கு இணையாக அதிகப் பங்கு காது மந்தத்துக்குத்தான். தலா 7 சதவீதம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காது கேட்காவிட்டால் மூளைக்கு வரும் தீனி குறைகிறது, இருக்கும் சக்தியும் சொல்லைப் பிடிப்பதிலேயே செலவாகிறது. எல்லாவற்றையும்விட, ஆள் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்.

"சாப்பிட்டாச்சா?" என்றால் "நாளைக்குத்தான் வருவாங்க" என்று பதில் வருகிறதா? டிவி சத்தம் தெருவுக்குக் கேட்கிறதா? கூட்டத்தில் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? மறதி என்று முடிவுகட்டும் முன் காதைப் பாருங்கள்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குறும்பி அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்தாலே சிலருக்குக் கேட்டுவிடும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். அடுத்து செவித்திறன் சோதனை. அதன் வரைபடத்தைக் கையில் வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகுதான் காது மெஷின். சோதனை இல்லாமல் விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் ஒலிபெருக்கி எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டிவிடும். இரண்டாம் நாள் அலமாரிக்குப் போய்விடும்.

சரியான மெஷினும் அலமாரிக்குத்தான் போகும், பழக்காவிட்டால். முதல் வாரம் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், ஒரே ஆளோடு பேச்சு. அடுத்த வாரம் இரண்டு மூன்று மணி நேரம். அப்புறம் சமையலறை, கடைசியில் கல்யாண வீடு. பல வருடமாகக் கேட்காத மூளைக்குத் தட்டு விழும் சத்தம் இடி மாதிரி இருக்கும். வாரங்கள் எடுக்கும், பொறுங்கள்.

பலன் யாருக்கு என்பதிலும் தெளிவு வேண்டும். 2023-இல் வெளிவந்த அமெரிக்காவின் அச்சீவ் ஆய்வில், 70 முதல் 84 வயதுள்ள 977 பேரில் மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதிக்கான ஆபத்து அதிகம் இருந்த பிரிவினருக்கு, மெஷின் போட்டதால் மூன்று வருடத்தில் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. பிரஷரும் சுகரும் சேர்ந்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்தப் பிரிவுக்கு நெருக்கமானவர்கள்.

கண்புரை இருந்தால் "இன்னும் முத்தட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது.

7. நடை, தசை, சமநிலை

வாரம் 150 நிமிடம், ஓரளவு வேகமாக நடக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து மூட்டு வீங்கி நிறுத்துவதுதான் வழக்கமான கதை. பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள்.

65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்பது போதும். பக்கத்தில் ஆள் நிற்கட்டும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்.

8. சாப்பாடு

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி. குழம்பில் போடும் உப்பைவிட ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இவற்றில்தான் அது ஒளிந்திருக்கிறது. முதலில் இவற்றைக் குறையுங்கள், குழம்பை அப்புறம் பார்க்கலாம்.

தட்டில் பாதி காய், கீரை. சாதம் கால் பங்கு. மீதி பருப்பு, சுண்டல், முட்டை, மீன். மத்தி மீன் மலிவும் கூட, பொரிக்காமல் குழம்பு வையுங்கள். கைப்பிடி நிலக்கடலை நல்லது.

வல்லாரை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள், கீரைதானே. அது மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கிங்கோ மாத்திரையை அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் சோதித்து, பயனில்லை என்று 2008-இல் வெளியிட்டார்கள். ஞாபகசக்தி டப்பாவுக்குச் செலவாகும் பணத்தைக் காது சோதனைக்கு வையுங்கள்.

9. தூக்கம், தலை, புகை, மது

சத்தமான குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், பகலில் தூங்கி விழுதல் இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மூளைக்கு ராத்திரி முழுவதும் ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது.

ஹெல்மெட்டைப் பின்னால் உட்காருபவரும் போட வேண்டும், வார் மாட்டி. குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத மிதியடி. புகை எந்த வயதில் விட்டாலும் லாபம். விறகடுப்புப் புகை, குப்பை எரிக்கும் புகையும் கணக்கில் சேரும். மது குறைந்த அளவில் மூளைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

10. ஆட்களும் வேலையும்

சுடோகு புத்தகத்தைக் கையில் கொடுத்து அறையில் தனியாக விட்டுவிடுகிறார்கள். அப்படிப் பழகினால் சுடோகுவில் கைதேறும், அதைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க முடியாது. மனிதர்களோடு பேசுவதில் கேட்பது, நினைவுகூர்வது, பதில் தேடுவது, முகம் படிப்பது எல்லாம் ஒன்றாக நடக்கிறது.

ரேஷன் கடை, கோயில் கமிட்டி, பஜனை, பேரனுக்குக் கணக்கு சொல்லித்தருவது, எதுவானாலும் சரி. அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள். "நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகச் சொல்லியே அம்மாவின் நாளைக் காலி செய்துவிடுகிறோம். சமையலில் தப்பு வந்தால் பக்கத்தில் நில்லுங்கள், கரண்டியை வாங்காதீர்கள்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரோடு நடந்த ஃபிங்கர் ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, பிரஷர்-சுகர் கண்காணிப்பு நான்கையும் சேர்த்தே இரண்டு வருடம் செய்தார்கள், அறிவுத்திறனில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

11. எப்போது நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவி எதற்கு என்று யோசிப்பது நோய்க் குறி. அரை மணிக்குள் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, மீதிச் சில்லறை வாங்கத் தெரியாமல் நிற்பது, பொருளுக்குப் பெயர் வராமல் "அது... அது..." என்பது, குணம் தலைகீழாக மாறுவது, இவற்றைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். "மறதி அதிகம்" என்று எழுதினால் பயனில்லை. "புதன்கிழமை பால்காரருக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார்" என்று எழுதுங்கள்.

பார்கின்சனுக்குக் குறிகள் வேறு: ஓய்வில் இருக்கும்போது ஒரு கை நடுங்குவது, நடக்கையில் ஒரு கை வீசாமலிருப்பது, கையெழுத்து சிறுத்துப்போவது, வாசனை தெரியாமல் போவது, விடாத மலச்சிக்கல். தூக்கத்தில் கத்தி, கை கால் உதறி, கனவை நடித்துக் காட்டுவது பல வருடம் முன்பே வரக்கூடும்.

யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணம் இல்லை.

12. தேதிகளை இன்றே குறியுங்கள்

முதல் வாரம்: மாத்திரைப் பை, பிரஷர் ஏழு நாள் கணக்கு, ரத்தப் பரிசோதனை. முதல் மாதத்துக்குள்: காது, கண். இரண்டாம் மாதத்திலிருந்து நடையும் சாப்பாடும். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் பத்து நாளில் வீடே களைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரோடு மாத்திரைப் பட்டியலை மறுபடி பார்ப்பது, வருடம் ஒருமுறை காது, கண், பி12.

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி அங்கே உங்கள் பெயரை எழுதுங்கள். உங்களுக்கு 40 தாண்டியிருந்தால், அம்மாவுக்கு அளந்த அதே மெஷினில் உங்கள் பிரஷரையும் இன்று மாலையே எடுத்து முதல் வரியாகக் குறித்துவிடுங்கள்.